பானையின் குரல்

சென்ற மார்கழி மாதக் கடைசியில், பொங்கலுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், புதுப்பானை ஒன்று வாங்கும் நோக்குடன் திருநெல்வேலிச் சந்தைக்குச் சென்றிருந்தேன். தெருவோரத்திலே வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் பானைகளையும் சட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தான் ஓர் இளைஞன். எனக்கு முன்னதாகவே ஓர் ஆச்சி அங்கு குந்தியிருந்தார். ஒவ்வொரு பானையையும் இடக்கை விரல் நுனிகளில் ஏந்தி, வலக்கையின் மடித்த சுட்டுவிரலால் ஒருமுறை தட்டி, தலையைச் சற்றே சாய்த்து அதன் ஓசையைக் கேட்டார். நான்கு பானைகளை அப்பால் ஒதுக்கினார். ஐந்தாவது பானைக்கு அவர் முகம் மலர்ந்தது.

“ஆச்சி, எல்லாம் ஒரு சூளையிலை சுட்டதுதானே! என்னத்துக்கு இப்பிடித் தட்டித் தட்டிப் பாக்கிறியள்?” என்று இளைஞன் அலுத்துக்கொண்டான்.

“ஒரு வயித்திலை பிறந்ததுகளே ஒருமாதிரி இருக்கிறேல்லை. நீ சூளையைச் சொல்லுறாய்” என்றார் ஆச்சி.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளிலே பௌதிகவியல் கற்பித்தவன் நான். ஆச்சி செய்தது இன்னதென்று எனக்கு விளங்காமலில்லை. பழுதற்ற பொருளைத் தட்டினால் அதன் ஒலி நீண்டு நிற்கும். வெடிப்பு உள்ள பொருளின் ஒலியோ எழுந்தவுடனே அடங்கிவிடும். ஏனெனில், வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராயுமிடத்திலே அதிர்வு விரயமாகிப் போகின்றது. புகைவண்டிச் சக்கரங்களைச் சுத்தியலாற் தட்டிக் கேட்டுச் சென்ற அக்காலத் தொழிலாளிகளும் இதே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள். அன்று சந்தையில் நின்றவாறே என் மனம் எங்கோ சென்றுவிட்டது. அந்த ஆச்சியிலும் நன்றாகப் பானையின் குரலை அறிந்த ஒருத்தி எங்கள் வீட்டிலே முன்னொருகால் இருந்தாள். பதினொரு வயதுச் சிறுமி. அவளைப்பற்றிச் சொல்வதற்கு முன்னர்ப் பானையைப்பற்றிச் சொல்லவேண்டியது சிறிது உண்டு. அதைச் சொல்லாவிடின் அவள் கதை விளங்காது.

வன்மையான பொருள் எளிதில் உடையாது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வகுப்பிலே இப்பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் நான் கையிலெடுப்பது வெண்கட்டி ஒன்றைத்தான். நகத்தாற் கீறினாற் கீறுப்படும் அத்துணை மென்மை அதற்கு. ஆயினும், கையிலிருந்து நழுவி விழுந்தால் மூன்று துண்டாகிவிடும். அதன் இரு முனைகளையும் பற்றி, ஈரத்துணியைப் பிழிவதுபோல மெல்ல முறுக்கினால், குறுக்கே ஒடியாது; புரியிட்ட கயிறு போல, ஏறக்குறைய 45 பாகைச் சாய்விற் சுருண்டு முறியும். முறுக்கும்போது இழுவிசை மிகுந்து நிற்பது அச்சாய்விலேதான். நொறுங்கும் பொருள் இழுவைக்குத் தோற்கும் என்பதை வெண்கட்டி தன் உடலிலேயே எழுதிக் காட்டுகின்றது. ஈயக்கம்பியை அவ்வாறு முறுக்கிப் பாருங்கள். அது சுற்றிச் சுற்றி வருமேயன்றி முறியாது. இரண்டும் மென்மையானவை, ஒன்று நொறுங்குவது, மற்றது வளைந்துகொடுப்பது.

வன்மை என்பது வேறொரு கேள்விக்கு விடை. எது எதைக் கீறும் என்பதே அக்கேள்வி. செருமனியக் கனிப்பொருளறிஞரான பிரெடரிக் மோஸ் என்பவர் 1812ஆம் ஆண்டளவில், இந்த ஒரு கேள்வியை மாத்திரம் வைத்துக்கொண்டு பத்துப் படிகளுள்ள ஏணியொன்றை அமைத்தார். அடிப்படியில் மாக்கல், உச்சியில் வைரம். நமது நகம் ஏறக்குறைய இரண்டரையிலும், செம்பு மூன்றிலும், யன்னற் கண்ணாடி ஐந்தரையிலும், கடற்கரை மணலிலே மின்னும் படிகம் ஏழிலும் நிற்கின்றன. இரத்தினபுரியிற் கிடைக்கும் நீலக்கல் ஒன்பது. இந்த ஏணியிலே எந்தப் படியில் நின்றாலும், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே விடையில்லை.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கியவர்கள் சாமானியர் மட்டுமல்லர். உரோமாபுரி அறிஞர் பிளினி, ஏறக்குறைய 1,950 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய பெருநூலிலே, வைரத்தைப் பட்டடையில் வைத்து அடித்தாற் சுத்தியலும் பட்டடையுமே பிளக்கும் என்று எழுதிவைத்தார். உண்மையில் வைரம் தனக்குரிய சில தளங்களிலே ஓரடியிற் பிளந்துவிடும். வைரம் பட்டை தீட்டுவோர் அக்குணத்தைக் கொண்டே அதனைப் பிளக்கிறார்கள். பிளினியின் சொல்லை நம்பிச் சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை நல்ல கற்களை மாவாக்கினார்களோ! இதற்கு மறுதலையாக, சீனர் போற்றும் பச்சைக்கல் வகைகளுள் ஒன்றான நெபிரைற்று, வைரத்துக்கு நான்கு படி கீழே நிற்பது. சுத்தியலுக்கு இலேசில் மசியாது. அதன் உடல் முழுவதும் மெல்லிய நார்கள் பாய் பின்னினாற்போலப் பிணைந்து கிடப்பதே காரணம். தொடங்கும் வெடிப்பு ஒவ்வொரு நாரிலும் வழிமாற வேண்டியிருக்கிறது.

இனிக் களிமண்ணுக்கு வருவோம்.

களிமண் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய தகடுகளின் திரள். அத்தகடுகளுக்கிடையே நீர் புகுந்து நிற்கையில் அவை ஒன்றன்மேலொன்று வழுக்கும். குயவரின் விரல் சொல்வதையெல்லாம் மண் கேட்பது அதனாற்றான். வெயிலில் உலர்த்த நீர் விலகும், தகடுகள் நெருங்கும், பானை சுருங்கும். அப்போதும் அது மண்தான். குளத்தில் இட்டாற் குளத்தோடு கரைந்துவிடும். சூளையின் வெப்பம் ஏறக்குறைய 450 முதல் 600 பாகை செல்சியசுவரை ஏறும்போதே மாற்றம் நிகழ்கிறது. தகடுகளின் உடலோடு இரசாயன முறையாற் கட்டுண்டிருந்த நீர் அப்போது வெளியேறுகின்றது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறினாலும் அது பழைய களிமண்ணாகத் திரும்புவதில்லை. மேலும் வெப்பமேற்றினால் துகள்களின் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டும். 1,200 பாகைக்கு மேலே, தக்க மண்ணாயிருந்தால், உடல் முழுவதும் கண்ணாடிபோல் இறுகும். பீங்கான் அந்த வெப்பத்திற் பிறப்பது.

அப்படியானால் ஊர்க் குயவர் தம் சமையற்பானையையும் அவ்வண்ணம் இறுகச் சுட்டாலென்ன? விறகுச் செலவுதான் தடை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எங்கள் அயலூரில் வாழ்ந்த முதிய குயவர் ஒருவரிடம் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டேன். மிதித்த மண்ணிலே சலித்த மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாத்தியார், கல்லு மாதிரிச் சுட்டா அது அடுப்பிலை நிக்காது. அலுமாரிக்குள்ளை நிக்கும். அடுப்புப் பானைக்குக் கொஞ்சம் விட்டுக்குடுக்கிற குணம் வேணும். அதுக்குத்தான் இந்த மணல்.”

அவர் சொன்னதை ஆய்வுகூடங்களும் கண்டிருக்கின்றன. இறுகச் சுட்ட பாண்டம் தொடக்கத்தில் மிகுந்த வலிமையுடையதுதான். ஆனால் அடுப்பின் சூடும் தண்ணீரின் குளிரும் மாறிமாறித் தாக்கும்போது, ஏதோ ஒரு வெடிப்பு தொடங்கித் தடையின்றி ஓடிவிடும். மணலோ, உமியோ, பழைய ஓட்டுத்தூளோ கலந்து, தாழ்ந்த வெப்பத்திற் சுட்ட பானை தொடக்கத்தில் வலிமை குறைந்தது. அதன் உடலிலே நுண்ணிய வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் தோன்றும். ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு மணலிலோ ஒரு துளையிலோ முட்டி நின்றுவிடும். பானையின் அடி உருண்டையாயிருப்பதும் அழகுக்காக மட்டுமல்ல. மூலை இருந்தால் வெப்பத்தால் எழும் இழுவை அந்த மூலையிற் குவியும். தடித்த கண்ணாடிக் குவளையிலே கொதிதேநீரை ஊற்றினாற் பெரும்பாலும் அடிமூலையில் விட்டுப்போவதை வீட்டிலே கண்டிருப்பீர்கள். உட்புறம் சூட்டால் விரிய முயல்கிறது. குளிர்ந்த வெளிப்புறம் இழுபட்டுப் பிளக்கிறது. மெல்லிய குவளைக்கு இந்தத் துன்பம் குறைவு. ஏனெனில் சூடு விரைவில் மறுபுறம் சென்றுவிடுகிறது.

சூடான பாத்திரத்தினுள்ளே குளிர்ந்த நீரை ஊற்றினால் நிகழ்வது இதற்கு நேர்மாறு. உட்புறம் சட்டெனச் சுருங்கும். வெளிப்புறம் விரிந்தபடியே நிற்கும். வெடிப்பு உள்ளிருந்து பிறக்கும். வாசகர்கள் இதை மனத்திலிருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

வெடிப்பு ஏன் சிலவேளை ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது, சிலவேளை கண்மூடித் திறப்பதற்குள் பாய்கிறது? இதற்கு முதன்முதலிற் கணக்கோடு விடை கண்டவர் அலன் ஆர்னோல்ட் கிரிபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த விமான ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், 1920ஆம் ஆண்டிலே, விமான உலோகங்களை விளங்கிக்கொள்வதற்காகக் கண்ணாடியை உடைத்துப் பார்த்தார். கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்தார். இழை மெலிய மெலிய, ஒரே பருமனுக்குக் கணக்கிட்டால், அதன் வலிமை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள கம்பியிலும் அவருடைய மிக மெல்லிய இழை ஏறக்குறைய இருபது மடங்கு வலிமையுடையதாயிருந்தது. கண்ணாடி இயல்பிலே நலிந்த பொருளன்று. அதன் மேனியிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்களே அதனை நலியச் செய்கின்றன என்று அவர் கண்டார்.

அவர் கணக்கைக் கடைக்காரரின் வரவுசெலவு போலச் சொல்லலாம். வெடிப்பு நீள்வதற்குச் செலவு உண்டு: புதிய மேற்பரப்பை உண்டாக்க வேண்டும். அதற்கு வரவும் உண்டு: இழுபட்டு நின்ற பொருள் வெடிப்பின் இருமருங்கிலும் தளர்வதால் அதிலே தேங்கியிருந்த சக்தி விடுபடுகிறது. வெடிப்பின் நீளம் இருமடங்கானாற் செலவும் இருமடங்கு. வரவோ நான்கு மடங்கு. ஆகையால் வெடிப்பு சிறிதாயிருக்கும்வரை செலவே மிகுந்து நிற்கும், வெடிப்பு உறங்கும். குறித்த ஒரு நீளத்தைத் தாண்டியதும் வரவு மிஞ்சிவிடும். அதன்பின் பிடித்து நிறுத்த ஆளில்லை. அந்த நீளம் எவ்வளவு என்பது சுமையைப் பொறுத்தது. சுமை கூடினால், நேற்றுவரை உறங்கிய சிறு வெடிப்பும் விழித்துக்கொள்ளும்.

செலவு எவ்வளவு என்பதிலேதான் பொருளுக்குப் பொருள் வேற்றுமை. ஒரு சதுர மீற்றர் அளவுக்குப் பிளப்பதற்குக் கண்ணாடியும் மட்பாண்டமும் கேட்பது ஏறக்குறைய 1 முதல் 10 யூல் சக்தி மாத்திரமே. எலும்பு ஏறக்குறைய 1,000 யூல் கேட்கும், மரம் 10,000, மெல்லிரும்பு ஓரிலட்சத்துக்கு மேல். நம் வீடுகளின் கூரையைப் பனைமரக் கைமரங்கள் தலைமுறைகளாய்த் தாங்கி நின்றதன் இரகசியம் அவற்றின் கருநிற நார்களில் இருக்கிறது. மண்சுவருக்கு மண் குழைப்போர் வைக்கோலை வெட்டிப் போடுவதும் அதே கணக்குத்தான். யூல் என்ற சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எலும்பைப்பற்றிச் சொன்னேன். மாணவருக்கு நான் காட்டும் வேடிக்கையொன்று உண்டு, வீட்டிலும் செய்யலாம். கோழிக்காலெலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவிட்டால் அதன் சுண்ணச்சத்துக் கரைந்து, எலும்பு இறப்பரைப்போல் வளையும். இன்னொன்றைத் தணலிலே நன்றாகச் சுட்டெடுத்தால், உருவம் மாறாது. விரலால் நசுக்கப் பொடியாகும். முன்னதிலே வன்மை போயிற்று, பின்னதிலே நார்ப்பொருள் போயிற்று. உயிருள்ள எலும்பில் இரண்டும் கூடியிருக்கின்றன.

இரும்பிலே இக்கூட்டைக் கையாள்பவர் கொல்லர். எங்கள் சந்தியிலிருந்த பட்டறையிலே பாளைக்கத்தி தோய்ப்பதைச் சிறுவயதில் நேரம் போவதறியாமற் பார்த்து நின்றிருக்கிறேன். செந்தணலாய்ப் பழுத்த அலகைத் தண்ணீரில் தோய்த்தவுடன் அது மிகுந்த வன்மை பெறும். ஆனால் அப்படியே விட்டால் மட்டையில் இடறிய இடத்தில் அலகு பல்லுப் பல்லாய் உதிரும். ஆகவே அதனை மீண்டும் மெல்லச் சூடாக்குவார். மினுக்கிய அலகின்மேல் வைக்கோலின் மஞ்சள் நிறம் படரும். அது ஏறக்குறைய 230 பாகை. பின்னர்த் தவிட்டு நிறம், ஊதா, 300 பாகையளவில் நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் சிறிது வன்மை கழிந்து சிறிது பொறுமை கூடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதிலேயே கொல்லரின் கீர்த்தி இருந்தது. இந்த நாட்டிற்கு உருக்குத்தொழில் புதிதன்று. பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவப் பகுதியிலே, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டறிந்து, அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரைக்கு உரியன என 1996இல் வெளியிட்டார். மலைச்சரிவின் காற்று நல்ல கரிச்சத்துள்ள உருக்கையே தந்திருக்கிறது.

உலோகத்தை முழுதும் நம்பிவிடுவதற்குமில்லை. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிரவு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரிலே, புதிதாய்க் கட்டி முடித்த ‘ஸ்கெனெக்ரடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், அசைவற்ற நீரில், கட்டுத்துறையிலேயே நடுவில் வெடித்து இரண்டாய் முறிந்தது. ஓசை ஒரு மைலுக்குக் கேட்டதாம். புயலுமில்லை, குண்டுமில்லை. யுத்தகாலத்தில் விரைந்து கட்டிய வேறு பல கப்பல்களும் இவ்வாறே வெடித்தன. கேம்பிரிட்ஜிலே இதை ஆராய்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்ற பெண்மணி, அந்த உருக்கு குளிரிலே பீங்கானின் குணத்தை அடைந்துவிடுகிறது என்று காட்டினார். முன்னாளில் தகடுகளை ஆணியடித்து இணைத்தார்கள். வெடிப்பு தகட்டின் ஓரத்தோடு நின்றது. இப்போது ஒட்டி உருக்கியமையாற் கப்பல் முழுவதும் ஒரே தகடாகிவிட்டது. வெடிப்புக்கு வழி திறந்திருந்தது.

கப்பலைவிட்டு எங்கள் அடுக்களைக்கு வருகிறேன்.

அது 1956ஆம் ஆண்டு. எனக்கும் அப்போது பதினொரு வயது. வீட்டு வேலைக்கென மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறுமியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இது வழக்கம். அதில் யாரும் பிழை கண்டதாக எனக்கு நினைவில்லை. அவள் கிணற்றடியிலே சாம்பலும் பொச்சும் கொண்டு பானைசட்டிகளைத் தேய்ப்பாள். தேய்த்துக் கவிழ்க்கும்போது ஒவ்வொன்றையும் விரலாற் தட்டுவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எந்தப் பானை எந்தக் குரலில் பேசும் என்று எனக்கும் பழக்கிக் காட்டியிருக்கிறாள்.

அப்பாச்சியின் காலத்திலிருந்து வந்த பெரும்பானை ஒன்று எங்களிடம் இருந்தது. அம்மா அதைப் பெருமையாக வைத்திருந்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் அதைக் கழுவி, ஈரம் உலரட்டும் என்று வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டு, அயல்வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டதால் வேலியடிக்குப் போய்விட்டார். அடுக்களையில் நான் மட்டும் நின்றேன். பானையிலிருந்து தீய்ந்த மணம் வந்தது. அடி சிவக்கிறதோ என்று பயந்து, கிணற்றிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரை ஒரு செம்பு மொண்டு அதனுள்ளே ஊற்றினேன். ‘சுர்’ரென்று ஆவி எழுந்தது. அதற்கிடையே சிறிய ஓர் ஒலி: நகம் வெட்டினாற்போல, ‘டிக்’கென்று. எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துணியாற் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் அச்சிறுமி அம்மாவிடம் வந்து, “அம்மா, பெரிய பானை சத்தம் மாறிப் போச்சுங்க. முன்னே மாதிரி பேசலீங்க” என்றாள்.

“பானை பேசுதாம்! நீ கதையாமல் வேலையைப் பார், பிள்ளை” என்றார் அம்மா. வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பானை ஒழுகவில்லை. மட்பானையிலே வெடிப்பு மெல்லியதாயிருந்தால் சோற்றுக்கஞ்சி அதற்குள் இறங்கி அடைத்துவிடும். புதுப்பானையிற் கஞ்சி காய்ச்சி வைப்பது அதற்காகத்தான். ஆகவே ஏறக்குறைய ஒரு மாதம் அது அடுப்பில் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. அரைப்பானைக்கு மேல் யாரும் நிரப்பவில்லை.

ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சினார்கள். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு. பானை கழுத்தளவுக்கு நிறைந்திருந்தது. உறவினர் வந்து திண்ணையிற் பிலாவிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சிறுமி பிடிதுணியாற் பானையின் கழுத்தைப் பற்றி அடுப்பிலிருந்து தூக்கினாள். இரண்டடி வைத்திருப்பாள். பானை பக்கவாட்டிலே பிளந்து, அடி தனியே விழுந்தது. கழுத்து மட்டும் அவள் கைகளில் நின்றது. கூழ் அவள் பாதங்களிற் கொட்டிற்று.

நல்ல நாளிற் பானை உடைந்ததே அம்மாவுக்குப் பெரிதாய்ப் போயிற்று. அவளை அடித்தார். “நான் போடலீங்க, அதுவா விட்டுருச்சுங்க” என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் பார்த்தாள். நான் பிலாவிலையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிற் குந்தியிருந்தேன். அப்பா தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் வாரம் அவள் தகப்பனார் இரவு மெயிலில் வந்து அவளை அழைத்துச் சென்றார். சம்பளப் பணத்திலே பானைக்கும் கூழுக்கும் கழித்துக்கொண்டே கொடுத்தார்கள். பாதங்களிற் புண் முற்றாக ஆறியிருக்கவில்லை.

பத்து ஆண்டுகளின் பின்னர், கொழும்பிலே பல்கலைக்கழக மாணவனாயிருந்தபோது, கிரிபித்தின் கணக்கை விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதினார். நீளத்துக்கேற்ற செலவு, நீளத்தின் வர்க்கத்துக்கேற்ற வரவு. சுமை கூடினால் உறங்கும் வெடிப்பு விழிக்கும் என்று சொல்லி, வெண்கட்டியை முறித்துக் காட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் காதிலே ‘டிக்’கென்ற அந்த ஒலி கேட்டது.

1972இல் அட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றிற் கற்பிக்க நேர்ந்தபோது, அவள் பிறந்த தோட்டத்தைத் தேடிப் போனேன். லயத்திலிருந்த முதியவர் ஒருவர் அக்குடும்பத்தை அறிந்திருந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கெனப் பதிவானவர்களில் அவர்களும் அடக்கம். தலைமன்னார் வழியாகக் கப்பலேறிவிட்டார்களென்றார். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது வீட்டிற் கூரையில்லை, கதவுகளில்லை. வளவு பற்றையாய்க் கிடந்தது. தேசிமரத்தடியைத் துப்புரவாக்கிய வேளையில் மண்வெட்டியில் ஓர் ஓடு இடறிற்று. கையகலத்துக்குச் சற்றுப் பெரிது. அந்தப் பானையின் உடைந்த துண்டுகளை அம்மா தேசிமரத்தடியில் ஈரம் காக்கப் பரப்பியிருந்தது நினைவில் வந்தது. இரும்பு துருப்பிடித்தும் மரம் உக்கியும் போன வளவிலே, இரண்டு யூலுக்கு உடையும் அந்த ஓடு மாத்திரம் நாற்பது ஆண்டுகளாய் அப்படியே இருந்தது. சுட்ட மண்ணைக் கறையான் தின்னாது, துரு அணுகாது. அனுராதபுரத்து அகழ்வுகளிலே பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் கிடைப்பது இதனாலேயே.

கழுவிப் பார்த்தேன். உடைந்த விளிம்பிலே ஒரு பகுதி செம்மையாயிருந்தது. மற்றொரு பகுதி, மூன்று விரற்கடை நீளத்துக்கு, கறுத்திருந்தது. சூளையிற் புகைபிடித்தும் ஓட்டின் உள் கறுப்பதுண்டு. ஆனால் அக்கறுப்பு சுவரின் நடுவே வரிபோல ஓடும். இதுவோ உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை முழுக்கனத்துக்கும் கறுத்து, மூன்று விரற்கடையோடு திடீரென நின்றது. கஞ்சி இறங்கி, அடுப்பிலே கருகி, ஒரு மாதம் படிந்த கரி அது. ஆடிப்பிறப்பன்று புதிதாய் உடைந்த பகுதியே செம்மை. அன்றைக்கே யாராவது ஓட்டைக் குனிந்து எடுத்துப் பார்த்திருந்தாற் போதும்; வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த ஓடு இப்போது என் மேசையில் இருக்கிறது. சந்தையில் வாங்கிய புதுப்பானையோடு நான் வீடு திரும்பிய அன்று, பேரப்பிள்ளை மேசையருகே நின்று அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எப்பிடி உடைஞ்சது, அப்பப்பா?”

“சூடான பானைக்குள்ளை பச்சைத்தண்ணி ஊத்தினதாலை.”

“ஆர் ஊத்தினது?”

“நான்தான்” என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டை இரு விரல்களால் தூக்கிப் பிடித்து, மறுகை விரலாற் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான்.